எண்ணூரில் வேலை குறைந்த செப்டம்பர்

2019 செப்டம்பர் 9ஆம் தேதி அசோக் லேலண்ட் நிறுவனம் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. அந்த மாதத்தில் எந்தத் தொழிற்சாலை எத்தனை நாள் ஓடாது என்ற விவரம் அதில் இருந்தது. எண்ணூர் 16 நாள், ஓசூர் 5, ஆல்வார் 10, பண்டாரா 10, பந்த்நகர் 18. வண்டி விற்கவில்லை, அதனால் உற்பத்தியைக் குறைக்கிறோம் என்பது காரணம். பங்கு வைத்திருப்பவர்களுக்காக எழுதிய அறிவிப்பு அது. ஆனால் அன்று சாயங்காலமே அது கத்திவாக்கத்திலும் எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் ஒவ்வொரு போனாகச் சுற்றி வந்துவிட்டது. பதினாறு நாள் என்பதைப் படித்தவர்கள் எல்லாரும் போட்ட கணக்கு ஒன்றுதான்: வாடகை, மளிகை, சீட்டுப் பணம், பிள்ளைகளின் ஃபீஸ்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மறுசீரமைப்பு என்று சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். வாரத்துக்கு நாலு நாள் வேலை, நாலு நாள் சம்பளம். வேண்டாமென்றால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம். "மாமா, எதுல கையெழுத்துப் போடட்டும்?" என்று போனில் கேட்டான். குரலில் தூக்கமில்லை. இன்றைக்கு எதிலும் போடாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை, அந்த நாற்காலியில் அவனுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2019இல் நான் திருவொற்றியூரில் வண்டி உதிரிபாகம் கடையும் ஒரு சின்னக் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்கள் நாற்பதுக்கு மேலே, ஐம்பதுக்குக் கீழே. இந்த ஐம்பது என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் லாரி ஏன் விற்கவில்லை என்பதற்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காரணங்கள் இருந்தன. 2018 ஜூலையில் மத்திய அரசு கனரக வண்டிகள் ஏற்றக்கூடிய எடையை 20 முதல் 25 சதவீதம் வரை கூட்டியது. இருக்கிற லாரியிலேயே கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்றானபோது நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புது லாரிக்கு யார் அவசரப்படுவார்கள்? அடுத்து அதே 2018 செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் விழுந்தது. லாரிக்குக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்குப் பணம் கிடைப்பது அதோடு இறுகிப்போனது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகள்தான் விற்கலாம் என்ற விதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 2019இல் அசோக் லேலண்ட் விற்ற வண்டிகள், முந்தைய ஆகஸ்டில் விற்றதில் ஏறக்குறைய பாதிதான். அறிவிப்பு வந்த மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில்தான் இருந்தார். இளைய தலைமுறை மாதத் தவணை கட்டிக் கார் வாங்குவதைவிட ஓலா, ஊபரில் போக விரும்புகிறது என்று அவர் சொன்னது நாடு முழுக்கப் பேசப்பட்டது. லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண்ணூரில் நின்றது லாரியும் பஸ்ஸும்.

வடசென்னைக்கு வேலை போவது புதிதல்ல. 1996இல் பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்டது. 2013இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலையைத் திறந்து பெரும்பகுதி உற்பத்தியை அங்கே கொண்டுபோனது. 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தப்பட்டது. இவை எல்லாம் வெளியே தெரிந்தவை. மூடினால் கேட்டுக்கு முன்னால் பந்தல் போடுவார்கள், கொடி நடுவார்கள், தலைவர்கள் வருவார்கள், பத்திரிகையில் படம் வரும். ஆனால் ஆறு நாள் வேலை நாலு நாளாகக் குறையும்போது பந்தலும் இல்லை, படமும் இல்லை. நான் அருகிலிருந்து பார்த்தது அந்தச் சத்தமில்லாத குறைப்பைத்தான். மூடுவதைவிட அதில்தான் தொழிலாளி அதிகம் ஏமாறுகிறார் என்பது என் கருத்து.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மாதா மாதம் ஷெட்யூல் வரும், இந்த உருப்படி இத்தனை வேண்டும் என்று. அந்த எண்ணிக்கை சுருங்கும்போது முதலில் போவது ஓ.டி. வெளியில் பார்க்கிறவர்களுக்கு அது கூடுதல் வருமானமாகத் தெரியலாம். எங்கள் பக்கம் ஓ.டி.யை நம்பித்தான் வாடகை. அடுத்து ராத்திரி ஷிப்ட். அதற்கப்புறம் கான்ட்ராக்டில் வந்தவர்களை ஏஜென்டிடம் சொல்லி நிறுத்துவார்கள். அவர்களுக்குத் தாள் எதுவும் வராது, "நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க" என்பதோடு சரி. கடைசியாகத்தான் பர்மனென்ட் ஆட்களின் நாட்கள் குறையும். எங்களிடம் லேத் ஓட்டிய ஓர் அண்ணன் தினம் சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நிற்பார். "இன்னா தம்பி, நாளைக்கி இருக்கா இல்லியா? இப்பவே சொல்ட்டா விடிகாலைல காசிமேடு போய் ஐஸ் தூக்குவேன்." இருபது வருஷமாக மைக்ரான் அளவில் கடைந்த கை அது.

கடைசிச் சோதனையிலும் பேக்கிங்கிலும் இருந்தவர்கள் பெண்கள், பாதிப் பேர் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். எல்லாருக்கும் குழுக் கடன் உண்டு. வாரத் தவணை வசூலிக்க வருகிறவருக்குக் கம்பெனி ஓடுகிறதா இல்லையா என்பது கணக்கில்லை. ஒருத்தர் கட்டவில்லையென்றால் குழுவில் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். நாட்கள் குறைந்தது எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான், அதனால் போட்டுக் கட்ட ஆளே இல்லை.

இனி என் மேஜையில் நடந்தது. முதலாளி கூப்பிட்டு, வேலை இல்லாத நாட்களுக்கு மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிடச் சொன்னார். அவர் கெட்டவரில்லை. மூன்று மாத பில் பாக்கி நின்றது, வங்கி ஓவர்டிராஃப்ட் விளிம்பில் இருந்தது, அவர் வீட்டு நகைகளும் அடகில் இருந்தன. ஆப்சென்ட் போட்டால் அந்த மாதச் சம்பளம் மட்டும்தானே குறையும் என்று அவர் நினைத்தார். ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்படி இல்லை. முதலாவது, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. உடம்பு சரியில்லாமல் வீட்டிலிருக்கும் நாட்களுக்கு அவர்கள் தரும் 70 சதவீதப் பணம் வேண்டுமென்றால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். செப்டம்பர் 2019 ஓர் அரையாண்டின் கடைசி மாதம். ஏற்கெனவே ஜூலை, ஆகஸ்டில் நாள் விட்டு நாள் வேலை பார்த்தவர்கள் 78க்குப் பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே போனால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை காய்ச்சலில் படுத்தாலும் அந்தப் பணம் இல்லை.

இரண்டாவது, 240 நாள். கிராஜுவிட்டிக்கு, சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு, ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் வருஷத்தில் 240 நாள் வேலை என்ற கணக்கு அன்றைய சட்டங்களில் எங்கேயாவது ஓரிடத்தில் குறுக்கே வந்தது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ லே-ஆஃப், அதாவது கம்பெனியே வேலை கொடுக்க முடியாத நாள், என்று பதிவான நாட்கள் இந்த 240இல் சேரும். ஆப்சென்ட் என்று பதிவான நாட்கள் சேராது. மூன்றாவது, போனஸ். அதிலும் லே-ஆஃப் நாட்களை வேலை பார்த்த நாளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2019 தீபாவளிக்கு வந்தது முந்தைய நிதியாண்டின் போனஸ், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆப்சென்ட் போட்டிருந்தால் அந்த செப்டம்பர் 2020 தீபாவளியில் மறுபடி ஒருமுறை வந்து கடித்திருக்கும், அதுவும் கொரோனாவுக்கு நடுவில். ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து. அதில் போவது ஒரு நாள் கூலி என்று நினைக்கிறோம். அந்த ஆளின் சேவைக் காலத்திலிருந்தே துண்டு துண்டாக எடுக்கிறோம்.

இதை முதலாளியிடம் சொன்னேன். ஆடிட்டரையும் கூப்பிட்டுக் கேட்டார். கடைசியில் ஆட்கள் சார்பில் நாலு பேர், கம்பெனி சார்பில் அவர் என்று கையெழுத்துப் போட்டு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். வேலை இல்லாத நாள் லே-ஆஃப் என்று பதிவாகும், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கொடுக்கப்படும். பாதி என்றால் பெரிய தொகை என்று நினைக்க வேண்டாம். மாதம் 16,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் 9,000 என்றால், நாள் ஒன்றுக்கு 346, அதில் பாதி 173 ரூபாய். வேலை பார்த்தால் கிடைக்கும் 615 எங்கே, 173 எங்கே. என்றாலும் அந்த நாள் பதிவில் நின்றது. ஏஜென்ட் மூலம் வந்தவர்களின் மஸ்டர் என் மேஜைக்கு வரவே வராது. அவர்களுக்கு என்ன எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியாமலேயே போனது. அந்த ஒப்பந்தத்தில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்க அன்றைக்கு யாரும் இல்லை. அவர்கள்தான் முதலில் போயிருந்தார்கள்.

அக்டோபர் 7ஆம் தேதி ஆயுத பூஜை. வழக்கமாக அதற்கு முந்தின ராத்திரி முழுக்க மெஷினைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, சந்தனம் வைக்க நேரம் போதாது. அந்த வருஷம் எல்லா மெஷினும் முன்னாடியே சுத்தமாக இருந்தன. பொரி கடலைப் பொட்டலம் எல்லாருக்கும் உண்டு என்று முதலாளி சொல்லியிருந்ததால் நிறுத்தப்பட்ட ஆட்களும் வந்தார்கள். பூஜை முடிந்ததும் யாரும் கிளம்பவில்லை, எப்போது ஷெட்யூல் வரும் என்று என்னைக் கேட்டபடி நின்றார்கள்.

இந்தப் 'பாதி' எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. 1953இல் ஜவுளி மில்களில் துணி விற்காமல் தேங்கியது. மில்கள் ஆட்களை லே-ஆஃப் செய்யப் போகின்றன என்ற நிலை வந்தபோது வி.வி. கிரி மத்தியத் தொழிலாளர் அமைச்சர். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறையைப் பார்த்தவர், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். மூன்று தரப்பும் பேசி, அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, பிறகு 1947ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்ததுதான் லே-ஆஃப் இழப்பீடு. சரக்கு விற்காதது தொழிலாளியின் குற்றமில்லை, அதன் சுமையில் பாதியையாவது முதலீடு போட்டவர் ஏற்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதில் ஓர் ஓட்டை வைத்தார்கள்: ஐம்பது பேருக்குக் கீழே வேலை பார்க்கும் இடத்துக்கு லே-ஆஃப் இழப்பீடு கட்டாயமில்லை.

நான் முன்னால் சொன்ன ஐம்பது இதுதான். பெரிய தொழிற்சாலையில் யூனியன் இருக்கிறது, அந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று பேசி முடிப்பார்கள். அந்தத் தொழிற்சாலையை நம்பி சாத்தாங்காட்டிலும் மணலியிலும் திருவொற்றியூர்ச் சந்துகளிலும் ஓடும் பட்டறைகளில் இருபது பேர், முப்பது பேர். மேலே தும்மினால் இங்கே காய்ச்சல், மருந்து மட்டும் இங்கே கிடையாது. எழுபது வருஷமாக இந்த எண்ணை யாரும் தொடவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அந்த ஐம்பதை அப்படியே வைத்திருக்கிறது. லே-ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டிய வரம்பை மட்டும் 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்திவிட்டார்கள். இது தவறு. பாதுகாப்பு தேவைப்படுகிற இடம் கீழே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஊர் இது, 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய ஊர் இது. எட்டு மணி நேரத்துக்கு மேலே ஏற்றினால் நம்மூருக்குக் கோபம் வரும். வர வேண்டும். எட்டு மணி நேரத்திலிருந்து கீழே இறக்கும்போது அந்தக் கோபம் ஏன் வருவதில்லை? சரக்கு போகும்போது பன்னிரண்டு மணி நேரம் நில், சரக்கு போகாதபோது வீட்டிலேயே இரு என்பது ஒரே சிந்தனைதான்.

சரி, அக்கா மகனுக்கு வருகிறேன்.

தம்பி, நாலு நாள் வேலை, நாலு நாள் சம்பளம் என்று உன்னிடம் தனியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கக் கூடாது. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற வேண்டுமென்றால் 21 நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அந்த அறிவிப்பை எழுத்தில் கேள். உன் அடையாள அட்டையில் எக்ஸிகியூட்டிவ் என்று போட்டிருப்பதால் இதெல்லாம் எனக்குப் பொருந்தாது என்று நினைக்காதே. பதவியின் பெயரை வைத்து முடிவாவதில்லை, நீ தினம் செய்கிற வேலையை வைத்துத்தான் முடிவாகும்.

தொகை வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்களே, அந்தத் தாளில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று இருக்கும். படித்துப் பார். கம்பெனி உன்னை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இது கிராஜுவிட்டிக்கு மேலே. புதிய சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் உன் கணக்கில் வர வேண்டும். ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், மறுபடி ஆள் எடுத்தால் ஒரு வருஷத்துக்குள் உனக்கு முன்னுரிமை. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி கிடைக்க வழியுண்டு. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள். விருப்ப ஓய்வில் போனவர்களுக்கு அது கிடையாது. சொந்த விருப்பத்தில் போனேன் என்று எழுதிக்கொடுத்தால் இதில் பெரும்பாலானதை நீயே விட்டுக்கொடுத்ததாக ஆகும். அதனால் அவர்கள் தரும் தொகை, இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையைவிடக் கணிசமாக அதிகமா என்று பார். அதிகமென்றால் யோசிக்கலாம், உனக்கு வயசிருக்கிறது. கம்மியென்றால் வேண்டாம். பேசிப் பார்த்தும் நடக்காவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம், அதற்கு யூனியன்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்.

லே-ஆஃப் என்று சொன்னால் இன்னொரு விஷயம். குறித்த நேரத்தில் தினம் ஒருமுறையாவது கம்பெனிக்குப் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இழப்பீடு கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டு அதை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வா, அங்கே எழுதியதைப் போட்டோ எடுத்து வை.

கான்ட்ராக்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏஜென்ட் யார், லைசென்ஸ் எண் என்ன, சம்பளச் சீட்டு எங்கே, பி.எஃப். கணக்கில் மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்பதை வேலை இருக்கும்போதே கேட்டு வாங்கி வையுங்கள். வேலை போன பிறகு கேட்டால் உங்களைத் தெரியாது என்பார்கள்.

என்னைப் போல மஸ்டர் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. கேட் பூட்டியிருந்த நாளுக்கு, உள்ளே வரத் தயாராக நின்றவருக்கு, ஆப்சென்ட் போடாதீர்கள். போடச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள்.